வியாழக்கிழமை ஜப்பான்

எனக்கென்று வகுப்பறை கிடையாது.
ஜப்பான் ஒரு தள்ளுவண்டியில் வருகிறது.
இடது முன்சக்கரம் கீச்சிடும்.
அதைக் கேட்டதுமே மூன்றாம் வகுப்பு
கணக்குப் புத்தகத்தை மூடிவிடும்.

மேல்தட்டில் அட்டைகள், ரப்பர் சூஷி,
ஒற்றைக் கண் மட்டும் வரைந்த சிவப்பு தருமா பொம்மை.
கீழ்த்தட்டில் என் மதிய ரொட்டி,
அடுத்த பள்ளியின் சாவி,
அதனடியில் மடித்து வைத்த கடிதம்:
வரும் ஆண்டு வண்டி வேண்டாம், திரை போதுமாம்.

விம்மெரா கோதுமைச் சமவெளியில்
நான்கு ஊர், நான்கு பள்ளி,
வகுப்புக்கு வாரம் முப்பத்தைந்து நிமிடம்.
அதற்குள் ஒரு நாட்டை இறக்கி
ஒன்றும் உடையாமல் மறுபடி ஏற்ற வேண்டும்.

இச்சி, நி, சன் என்றால்
முழங்காலைச் சொறிகிறார்கள்.
அவர்கள் காதில் அது
'அரிக்கிற முழங்கால்' என்று விழுகிறது.
சொறியட்டும்.
எண்கள் எந்த வழியிலாவது தோலுக்குள் போனால் சரி.

'ஹெ' எழுத்தை மலை என்று காட்டினேன்.
"மலையா? எங்கே?" என்றாள் டில்லி,
ஜன்னல் முழுக்கத் தட்டையாய்க் கிடந்த மஞ்சளைப் பார்த்து.
பிறகு அவளே கண்டுபிடித்தாள்:
காற்றில் ஒருபக்கம் சாய்ந்த
அவர்கள் வீட்டுக் கம்பளிக் கொட்டகை.
இப்போது பள்ளி முழுக்க 'ஹெ' என்றால் கொட்டகைதான்.

ஏ டோவுக்கு இது நான்காவது மொழி.
முகாமில் இரண்டு, இந்த ஊரில் ஒன்று, இப்போது இது.
'ர'வைத் தொட்டுவிட்டு நாக்கு திரும்பும் இடம்
அவனுக்கு மட்டும் தானாக வருகிறது.
நான் அவனைக் கேட்டுத்தான் திருத்திக்கொள்கிறேன்,
அவனுக்குத் தெரியாமல்.

இன்று தரையில் இரண்டு பிளாஸ்டிக் வளையங்கள்.
பாடநூல் சொல்லை நீட்டி மரியாதையாகப் பேசச் சொல்கிறது.
நான் குட்டையான வேரைக் கொடுக்கிறேன்,
சின்ன வாய்க்கு அது போதும்:
உயிரோடு அசைவதற்கு 'இரு'.
மற்ற எல்லாவற்றுக்கும் 'அரு'.

பூனை இந்த வளையம். மேசை அந்த வளையம்.
மீன் நீந்தினால் இரு, வறுத்துவிட்டால் அரு.
சிரித்தார்கள்.
யூகலிப்டஸ் மரம் அருவுக்குப் போனதும்
கலகம்.
"மரத்துக்கு உயிரில்லையா, மிஸ்?"
உண்டு, ஆனால் தானாக நகராதே.
"அப்பாவோட அறுவடை இயந்திரம் நகருதே!
அவர் அதோட பேசுவார்."
"பேச மாட்டார், திட்டுவார்."
ஆள் ஏறி உட்கார்ந்த வண்டிக்கு
சிலசமயம் இரு சொல்வதுண்டு என்றேன்.
எனக்கே வியர்த்தது.
இலக்கணம் என்பது இவ்வளவு நேரமும்
யாரும் கேட்காததால் நின்றிருந்த கூடாரம்.

ஃபெர்கஸ் கை தூக்கவில்லை.
தூக்காமலே கேட்டான்:
"மிட்ஜுக்கு எது?"

மிட்ஜ் அவர்கள் பண்ணை நாய்.
திங்களன்று பழுப்புப் பாம்பு.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புதைத்தார்கள்
என்று எல்லோருக்கும் தெரியும்.
வகுப்பு என்னைப் பார்த்தது.
நான் அட்டைகளை அடுக்கினேன்,
அடுக்கியதையே மறுபடி அடுக்கினேன்.
இறந்தகாலம் ஆறாம் வகுப்புப் பாடம்.

ஏ டோதான் பேசினான், தரையைப் பார்த்தபடி:
"பேய்க்கு?"

பேய்க்கு...
ஒஸாகாவில் வாடகை அறையில் இருந்தபோது
வீட்டுக்காரி மாடிப்படியைக் காட்டிச் சொன்னது
நினைவுக்கு வந்தது.
"பேய்க்கு இருதான்" என்றேன்.
அவள் அப்படித்தான் சொன்னாள். நிச்சயம்.

ஃபெர்கஸ் எழுந்தான்.
நாய் அட்டையை எடுத்து
இடது வளையத்தின் நட்டநடுவில் வைத்தான்.
மந்தையின் ஓரம் நிற்கிற பழக்கத்தில்
உள்ளங்கையைத் தாழ்த்தி விரித்து
அதன் முகத்தைப் பார்த்து
"இரு" என்றான்.

உச்சரிப்பில் குறை ஒன்றும் இல்லை.
மணி அடித்திருந்தது.
ஐந்தாம் வகுப்புக்கு நான்கு நிமிடம் தாமதம்.
சூஷியைப் பொறுக்கினேன், மேசையை, மீனை, மரத்தை.
அந்த ஒரு வளையத்தைச் சுற்றிக்கொண்டு
வண்டியைத் தள்ளினேன்.